மாத்திரையை ஆற்றில் கொட்டினால் கதை முடிந்துவிடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் இதழில் போன வாரம் முடிந்த காதல் தொடரை நானும் என் மனைவியும் ஒரு வாரம்கூட விடாமல் படித்தோம். கதாநாயகிக்கு பைபோலார், அதாவது மனம் சில காலம் அளவுக்கு மீறிப் பொங்கி, சில காலம் அடியோடு சோர்ந்துபோகும் இருமுனை மனநோய், என்று தெரிந்ததும் எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருத்தரைப் பார்த்த மாதிரி இருந்தது, ஏனென்றால் என் மனைவிக்கும் அதுதான், 11 வருடமாக. சினிமாவில் வருவதுபோலத் தலைவிரிகோலமாக்காமல், வேலைக்குப் போகிற, சண்டை போடுகிற, காதலிக்கிற பெண்ணாக அவளை எழுதியதற்கு எழுத்தாளருக்கு நன்றி. ஆனால் அந்தக் கடைசி அத்தியாயம்! பாலத்தில் நின்று அவள் மாத்திரைகளை ஆற்றில் கொட்டுகிறாள், இனி நான்தான் உனக்கு மருந்து என்று அவன் அணைத்துக்கொள்கிறான், சுபம். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவள் கொட்டியது லித்தியம். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அதன் பலனை எழுதியதிலிருந்து இன்றுவரை இந்த நோய்க்கு முக்கியமான மருந்து. அதைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பி வரும் ஆபத்து அதிகம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். இதைப் போய் முத்தக் காட்சியோடு சேர்த்து எழுதலாமா?

எங்கள் வீட்டில் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தையல் மிஷின் சத்தம் கேட்டு எழுந்தேன். நாலு நாளாக அவள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை, ஆனால் முகத்தில் துளி களைப்பு இல்லை, கூடம் முழுக்க வெட்டிய துணி, ஆறு மிஷினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன், கம்பெனி ஆரம்பிக்கப் போகிறேன் என்று மூச்சுவிடாமல் பேசினாள். அவ்வளவு அழகாக இருந்தாள், அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அப்புறம் மூன்று மாதம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள், தலை வாரக்கூட எழவில்லை.

அதிலிருந்து தினமும் காலையில் "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே?" என்று கேட்பேன், தூக்கம் குறைவதுதான் அவளுக்கு முதல் அறிகுறி. "நான் கொஞ்சம் சிரிச்சாலே நோயாங்க?" என்று அவள் கத்துவாள். அவள் கேட்பதும் நியாயம்தான். வெறும் சந்தோஷத்தை நோய் என்று நான் சந்தேகப்பட்டு அவள் முகம் வாடிப்போன நாட்கள் எத்தனையோ. உண்மையான காதல் கதை இங்கேதான் இருக்கிறது என்பேன், எழுத்தாளர் அந்தப் பக்கமே வரவில்லை.

மருந்து சாப்பிட்டால் எல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. கை நடுங்கும், தண்ணீர் தாகம், உடம்பு போடும். முதல் நாள் ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்து அதில் லித்தியம் அளவு பார்க்க வேண்டும், தைராய்டு, சிறுநீரகம் எல்லாம் சோதிக்க வேண்டும். போன கோடையில் வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் தண்ணீர் வற்றிப்போனபோது காபி டம்ளர் டபராவில் கடகடவென்று அடித்துக்கொண்டது, நாக்கு குழறியது, உடனே ஓடினோம், ரத்தத்தில் லித்தியம் ஏறியிருந்தது. தலைவலிக்குக்கூட ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரையைக் கேட்காமல் போடக் கூடாது. இத்தனையும் தெரிந்துதான் அவள் தினமும் அந்த மாத்திரையை எடுக்கிறாள். அதைக் கொட்டுவது துணிச்சல் என்று எழுதினால் அவளுக்கு எப்படி இருக்கும்?

இன்னொன்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, நோய் கூடினால் தனக்கு எப்படிச் சிகிச்சை தரலாம், எப்படித் தரக் கூடாது, தன் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும் என்று ஒருவர் நன்றாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் கைப்பட எழுதினாள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றெல்லாம். என் பெயரை எழுதும் முன் நிமிர்ந்து பார்த்து, "நான் திட்டினாலும் விட்டுட்டுப் போயிட மாட்டீங்களே?" என்றாள். கல்யாணத்தன்றுகூட அவள் என்னிடம் இப்படி எதையும் கேட்டதில்லை.

இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டித்தான் அனுப்புகிறேன். படித்துவிட்டு, "அவ மாத்திரையைக் கொட்டுனதுக்கு அடுத்த வாரம் என்ன ஆச்சுன்னு அந்த எழுத்தாளரை எழுதச் சொல்லுங்க" என்றாள். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி