மண்பாதைக்கு வரும் மோட்டார் சைக்கிள் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை, கோவை, சென்னை, பெங்களூரு என்று பல ஊர்களிலிருந்து வார இறுதியில் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கு ஏறி வரும் மோட்டார் சைக்கிள் குழுக்களுக்கு, மன்னவனூர் பக்கத்துப் பூண்டு விவசாயி ஒருவனின் வணக்கம்.

உங்களை வரவேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. நானும் வண்டி ஓட்டுகிறவன்தான். உங்கள் ஹிமாலயனும் எக்ஸ்பல்ஸும் ஏறுகிற அதே பாதையில்தான் என் டிவிஎஸ் 50 பூண்டு மூட்டையோடு ஏறுகிறது, கொஞ்சம் முனகிக்கொண்டு. சத்தத்துக்கும் வேகத்துக்கும் ஏற்கெனவே பலர் உங்களோடு சண்டை போட்டிருப்பார்கள். எனக்குச் சொல்ல இருப்பது வேறு: மழையில் மண் ஊறிக் கிடக்கும்போது மண்பாதையில் வண்டியை இறக்காதீர்கள்.

சேற்றில் ஓட்டுவதில்தானே சுவை என்பீர்கள். தெரியும். ஆனால் நீங்கள் ஞாயிறு மாலை மலை இறங்கிவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு பாதைக்கு என்ன ஆகிறது என்று பார்க்க உங்களுக்கு வாய்ப்பே இல்லை.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று எந்த ஊரை எடுத்தாலும் தார்ச்சாலையை விட்டு இறங்கினால் சரிவில் படிப்படியாக வெட்டிய நிலம்தான். மண்பாதை அதன் நடுவே வளைந்து போகும். மழைத்தண்ணீர் அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டு ஓடாமலிருக்க, ஆங்காங்கே குறுக்கே சாய்வாகக் கல் பதித்து, மண்ணை மேடாக அணைத்து, தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பிவிட்டிருப்போம். பார்க்க வேகத்தடை மாதிரி இருக்கும். உங்களில் சிலர் அதைத்தான் வண்டியைத் தூக்கிக் குதிக்க வைக்கும் இடமாக எடுத்துக்கொள்கிறீர்கள். பத்து வண்டி அதில் ஏறிக் குதித்தால் மேடு நடுவில் உடைந்துவிடும். அடுத்த மழைக்குத் தண்ணீர் ஓடைக்குப் போகாது. உங்கள் டயர் போட்ட தடத்துக்குள் இறங்கி நேராகக் கீழே ஓடும். சக்கரம் அழுத்திய இடத்தில் மண் இறுகிவிடுவதால் தண்ணீர் உள்ளே ஊறவும் செய்யாது. ஓட ஓட அறுத்துக்கொண்டே போய், வளைவு வந்ததும் வளையாமல், கரையை உடைத்துக்கொண்டு கீழே இருப்பவர் நிலத்தில் பாயும். அங்கே நிற்பது பூண்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டுதான். வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிப்போகும் பயிர்.

இன்னொன்று, சேற்றுக்குப் பயந்து பாதையின் ஓரத்தில் ஓட்டுவது. ஓரம் என்பது பெரும்பாலும் கீழ்நிலத்துக்கு மேலே பாதையைத் தாங்கி நிற்கும் கல்கட்டின் தலை. அது சரிந்தால் திரும்பக் கட்ட ஆளும் நாளும் ஆகும். போய்த்தான் ஆகவேண்டும் என்றால் இறங்கி, ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்துவிட்டு, நடுவிலேயே மெதுவாகப் போங்கள். பூட்ஸ் நனையும், பரவாயில்லை.

ஜீப்பும் பிக்கப்பும் பாதையைக் கெடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கெடுக்கின்றன, உங்கள் வண்டியைவிட அதிகமாகவே. ஆனால் மறுநாள் மண்வெட்டியோடு வந்து நிற்பவர்களும் அந்த வண்டிக்காரர்கள்தான். எங்கள் ஊர்ப் பையன்களில் சிலர் சைலன்சரை மாற்றிக்கொண்டு அலைவதையும் நான் மறைக்கவில்லை. அவர்களைத் திட்ட ஊருக்குள் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

காய்ந்த நாட்களில் தாராளமாக வாருங்கள். ஏறும்போது ஆக்சிலரேட்டரை ஒரே சீராகப் பிடியுங்கள். பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றினால் குழிதான் விழும். அப்போது முறுக்காமல் இறங்கித் தள்ளுங்கள். இறங்கும்போது முதல் கியரிலோ இரண்டாவதிலோ விட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். பின் பிரேக்கை அழுத்திச் சக்கரத்தை இழுத்துக்கொண்டு போவது மேல்மண்ணைச் சீவி எடுத்துவிடும். இடம் போதாத மலைச்சாலையில் இறங்குகிற வண்டி ஒதுங்கி, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது ஓட்டுநர் விதி. எங்கள் பாதையில் அதற்கு மேலும் ஒன்று உண்டு: தலையில் சுமையோடு வருபவர் ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குத்தான் முதல் வழி. சுமைக்குதிரை எதிரே வந்தால் எஞ்சினையே அணைத்துவிடுங்கள். அது மிரண்டால் மூட்டையோடு பள்ளத்தில் போய்விடும்.

காட்டுமாடு நின்றால் தூரத்திலேயே நில்லுங்கள். ஹாரன் வேண்டாம், முறுக்கவும் வேண்டாம். ஆயிரம் கிலோ வரை எடை வரக்கூடிய விலங்கு அது. தானாக நகரும்வரை காத்திருப்பதைத் தவிர நாங்களும் வேறொன்றும் செய்வதில்லை.

அப்புறம் அந்தப் பழைய மூணாறு சாலை. கைபேசி வரைபடத்தில் கோடு தெரிகிறது என்று டீக்கடையில் வழி கேட்காத குழுவே இல்லை. பேரிஜம் ஏரி வழியாகப் போன அந்தச் சாலை மூடப்பட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. அந்தப் பக்கத்துக் காடு 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் நுழைவது குற்றம். மலை ஏற இ-பாஸ் எடுத்தது சோலைக்குள் போவதற்கு அனுமதி ஆகாது. வழி காட்டச் சொல்லி எங்கள் பையன்களுக்குப் பணம் நீட்டாதீர்கள். நீங்கள் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். இங்கேயே இருக்கப்போகிறவன் அவன்.

குழுத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மலைக்கு அதிக மழை கொடுப்பது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மன்னவனூர் ஏரி வரைக்கும் தாரிலேயே வரலாம், வளைவுகளுக்கும் பஞ்சமில்லை. கோடை மழை பெய்தாலும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். வெயில் காலத்தில் வந்தாலும் பெரிய கூட்டமாக வேண்டாம், நாலைந்து வண்டியாகப் பிரிந்து வாருங்கள். பாதை எப்படி இருக்கிறது என்று டீக்கடையில் கேட்டுவிட்டு இறங்குங்கள். உண்மையைத்தான் சொல்வார்கள்.

மழை முடிந்ததும் ஜனவரியில் நாங்கள் பாதை வேலை செய்வோம். குறுக்கு மேடுகளைத் திரும்ப அணைக்க, கல் தூக்க ஆள் எப்போதும் போதாது. அந்த வாரம் வர முடிந்தால் வாருங்கள். மண்வெட்டியும் கடப்பாறையும் எங்களிடம் இருக்கின்றன, சாப்பாடும் போடுகிறோம். கையுறை எப்படியும் உங்களிடம் இருக்கும்.

இப்படிக்கு,
மேல்மலையிலிருந்து ஒரு பூண்டு விவசாயி