அந்தப் பாடத்துக்குப் பையனுங்கள வெளிய அனுப்பாதீங்க

பினாங்கு தமிழ்ப்பள்ளிங்களோட பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருங்க, செயலாளருங்க, கமிட்டிக்காரங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் பட்டர்வொர்த் பக்கம். கவர்மெண்ட் கிளினிக்ல தாய் சேய் பிரிவுல மிஸ்ஸியா, அதாவது நர்ஸா, இருந்து பென்ஷன் எடுத்தவ. என் பேத்தி ஆறாம் ஆண்டு படிக்கிறா. அறிவியல் புத்தகத்துல மனிதனோட இனவிருத்தின்னு ஒரு பாடம் வருது இல்லையா, அதுக்கு அவ பள்ளியில பையனுங்கள எல்லாம் திடலுக்கு அனுப்பிட்டு, பொம்பளப் புள்ளைங்களுக்கு மட்டும் ரெண்டு பக்கத்த வேகவேகமா வாசிச்சிட்டு, மிச்சத்த வீட்ல பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்களாம். டீச்சர் மேல எனக்குக் கோவம் இல்ல. விசாரிச்சா, வாட்சாப் குரூப்ல சில பெற்றோருங்க "சின்னப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு"ன்னு கெளப்பி, சங்கமும் ஆமா போட்டிருக்கு, அவங்க பாவம் என்ன செய்வாங்க. எந்தப் பள்ளின்னு சொல்ல மாட்டேன், நம்ம மாநிலத்துல இருக்கிற 28 தமிழ்ப்பள்ளியிலயும் இப்பிடிப் பேசுறவங்க இருப்பாங்க, அதான் எல்லாருக்கும் சேத்தே எழுதுறேன்.

சின்னப் புள்ளன்றீங்க, சரி. அதே புள்ள வயசுக்கு வந்தா என்னா பண்றோம்? மண்டபம் எடுக்கிறோம், கார்டு அடிக்கிறோம், போட்டோவ ஆளுயரத்துக்கு பேனர் போட்டு வாசல்ல நிறுத்துறோம், தாய்மாமன் சீர்த்தட்ட வரிசையா தூக்கிட்டு வர்றாரு, மேக்கப் என்ன டிஜே என்ன. ஊருக்கே சொல்றதுக்கு இல்லாத வெக்கம், அந்தப் புள்ளைக்கு உள்ள என்ன நடந்துச்சின்னு சொல்றப்ப மட்டும் எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு இன்னிக்கும் புரியல. சடங்கு முடிஞ்ச புள்ளைங்கள கேட்டுப் பாருங்க, "கெட்ட ரத்தம் போவுது"ன்னுதான் சொல்லுங்க. கெட்ட ரத்தமும் இல்ல ஒண்ணும் இல்ல, கரு வந்தா ஒட்டிக்கறதுக்கு கருப்பையோட உள்சுவர் மாசாமாசம் தடிக்குது, கரு வரலன்னா அது உதிர்ந்து ரத்தத்தோட வெளிய வருது. இத சொல்றதுக்கு ஒரு நிமிஷம் ஆவுமா?

பொம்பளப் புள்ளைங்களுக்காச்சும் ஏதோ அரையும் கொறையுமா காதுல விழுது. பையனுங்களுக்கு அதுவும் இல்ல. அவன் வளந்து புருஷனாயி, அப்பனாயி, நாளைக்கு மாமனாராவும் ஆயிடுவான், தெரியாதது மட்டும் தெரியாமலே இருக்கும், அதுக்கெல்லாம் பில் கட்டறது வீட்டுப் பொம்பளைங்கதான்.

நான் பாத்த கேஸ் ஒண்ணு சொல்றேன், அடையாளம் எதுவும் சொல்லாம. புருஷன் சிங்கப்பூர்ல வேல. லீவுல வந்தாரு, திரும்பிப் போனாரு. பொண்ணுக்கு நாள் தள்ளிப் போச்சி, பிங்க் புக், அதான் கர்ப்பிணிங்களோட கிளினிக் பதிவுப் புத்தகம், தொறந்தோம், அதுல ஆறு வாரம்னு எழுதியிருக்கு. அவரு எண்ணிப் பாக்குறாரு, வீட்டுக்கு வந்தே நாலு வாரந்தான் ஆவுது. அவ்வளவுதான், போன்லயே யாரு புள்ளன்னு கேட்டுட்டாரு. அந்தப் பொண்ணு எங்க கவுண்டர் முன்னாடி நின்னு அழுதா. விஷயம் என்னான்னா, நாங்க வாரத்த எண்ணறது கரு உண்டான நாள்லேர்ந்து இல்ல, கடைசி மாதவிடாயோட முதல் நாள்லேர்ந்து, ஏன்னா கரு என்னிக்கு உண்டாச்சின்னு யாருக்கும் சரியா தெரியாது, ஆனா மாதவிடாய் தேதி பெரும்பாலும் ஞாபகம் இருக்கும். அதனால கணக்குல எப்பவும் ரெண்டு வாரம் போல கூடத்தான் இருக்கும். 40 வாரம், 280 நாள்ன்றது இந்தக் கணக்குதான் (நம்ம பாட்டிமாரு சொன்ன பத்து மாசம் 28 நாள் மாசத்துக்கு கரெக்டா வருது பாருங்க). உண்மையில புள்ள உள்ள இருக்கிறது 38 வாரம் போல. அந்த ஆளுக்கு இத 12 வயசுல ஒருத்தர் சொல்லியிருந்தா அந்த போன் வந்திருக்குமா?

ரத்த குரூப்ப வச்சி வர்ற சண்ட இன்னும் மோசம். அப்பா ஏ, அம்மா பி, புள்ள ஓ. உடனே மாமியா வீட்ல குசுகுசுன்னு ஆரம்பிச்சிடும், ஓ எங்கேர்ந்து வந்துச்சின்னு. ஒவ்வொருத்தருக்கும் குரூப்புக்கு ரெண்டு மரபணு இருக்கு, ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. ஏ-யும் ஓ-வும் சேந்து இருந்தா டெஸ்ட்ல ஏ-ன்னுதான் வரும், ஓ உள்ளயே ஒளிஞ்சிக்கும். அம்மாகிட்டயும் அதே மாதிரி பி-யோட ஒரு ஓ ஒளிஞ்சிருந்தா, ரெண்டு ஓ-வும் ஒரே புள்ளைக்குப் போக நாலுல ஒரு வாய்ப்பு இருக்கு. அந்தப் புள்ள ஓ-தான், சந்தேகப்பட அதுல ஒண்ணுமே இல்ல.

அப்புறம் அந்தப் பழைய பல்லவி, மூணாவதும் பொண்ணாயிடுச்சி, மருமவ சரியில்லன்னு. ஆணா பொண்ணான்னு தீர்மானிக்கிற குரோமோசோம்ல எக்ஸ், ஒய்னு ரெண்டு வகை. அம்மாகிட்ட இருக்கிறது ரெண்டும் எக்ஸ், அவங்களால எக்ஸ் மட்டுந்தான் குடுக்க முடியும். விந்தணுல எக்ஸ் வந்தா பொண்ணு, ஒய் வந்தா பையன். 1905லயே நெட்டி ஸ்டீவன்ஸ்ங்கற ஒரு அம்மா வண்டுங்கள ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டாங்க. நூறு வருஷம் தாண்டியும் நம்ம லேபர் வார்டு வாசல்ல நியூஸ் இன்னும் போய்ச் சேரல. குங்குமப்பூ குடிச்சா செவப்பா பொறக்கும்ன்றதையும் இதோட சேத்துக்கோங்க, அது பால் செலவு.

ஜி6பிடி, அதாவது ரத்தச் செவப்பணுவப் பாதுகாக்குற ஒரு என்சைம் கொறையா இருக்கிறது, அந்த விஷயத்துலயும் இதான் நடக்குது. பொறந்த உடனே தொப்புள்கொடி ரத்தத்துல பாத்துடறாங்க. அந்தக் கொறை எக்ஸ்லதான் இருக்கு, பையனுக்கு அப்பா குடுக்கறது ஒய், அதனால மகனுக்கு அது அம்மா வழியாத்தான் வரும், அந்த அம்மாவுக்கே பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது, தன்கிட்ட இருக்குன்னே தெரியாது. இதுக்கு அவள திட்டி என்ன ஆவப்போவுது, பீரோல பழைய குழந்தத் துணியோட போட்டு வச்சிருக்கிற அந்துருண்டைய மொதல்ல எடுத்து வெளிய போடுங்க. அந்த வாடையே இந்தப் புள்ளைங்களுக்கு ரத்தச் செவப்பணுவ ஒடச்சி மஞ்சக்காமாலைய இழுத்துவிட்டுடும்.

புள்ள இல்லாததுக்கும் பழி அவ மேலதான். தண்ணீர்மலை முருகன் கோயில்ல வேண்டுதல் வச்சிருப்பாங்க, விரதம் இருந்திருப்பாங்க, பொண்ணு ஸ்கேன் மேல ஸ்கேன் எடுத்திருப்பா, ஆனா புருஷன் விந்தணு டெஸ்ட் எடுத்தாரான்னு கேட்டா மொறைப்பாரு. கருமுட்டை வெளிய வந்தா 12லேர்ந்து 24 மணி நேரந்தான் தாங்கும், விந்தணு உள்ள அஞ்சு நாள் வரைக்கும் இருக்கும், ரெண்டும் சேர்றது கருக்குழாய்ல, இந்தக் கணக்கு கூட தெரியாம ரெண்டு பேரும் வருஷக்கணக்கா அலைவாங்க. கரு தங்குனாலும், புள்ளையோட மூளையும் முதுகுத்தண்டும் உருவாகுற நரம்புக்குழாய் கரு உண்டானதுலேர்ந்து 28 நாளுக்குள்ள மூடிடணும், அந்த நேரத்துல நெறைய பேருக்கு தான் முழுகாம இருக்கிறதே தெரியாது. போலிக் ஆசிட்ட முன்கூட்டியே, தெனம் 400 மைக்ரோகிராம், சாப்பிடச் சொல்றது இதுக்குத்தான், பிங்க் புக் தொறந்த பிறகு ஆரம்பிச்சா அந்தக் கட்டம் பெரும்பாலும் தாண்டிப் போயிருக்கும்.

இதெல்லாம் ஆறாம் ஆண்டுலயே சொல்லணும்னு நான் கேக்கல. மரபியல் எல்லாம் இடைநிலைப்பள்ளியில படிவம் 4ல வரும். ஆனா அடிப்படைய இங்க தாண்டிட்டா அங்க எது மேல கட்டுவீங்க? இன்னொண்ணும் இருக்கு. 2017ல மலேசியாவுல சிறுவருங்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்குன்னு தனிச் சட்டமே வந்துடுச்சி, ஆனா தன் ஒடம்புல எதுக்கு என்ன பேருன்னே தெரியாத புள்ள, ஒருத்தன் தொட்டா வீட்ல வந்து எப்பிடிச் சொல்லும்?

பயப்படுற பெற்றோருங்கள நான் கேலி பண்ணல. டீச்சர் என்ன பேசுவாங்கன்னு தெரியாதப்ப பயம் வரத்தான் செய்யும். அதனால அடுத்த ஆண்டுக் கூட்டத்துல வரவு செலவு கணக்கு முடிஞ்சதும் அர மணி நேரம் ஒதுக்குங்க, பக்கத்து கிளினிக் மிஸ்ஸியக் கூப்பிட்டு, அந்தப் பாடத்துல என்ன இருக்கோ அத மொதல்ல பெத்தவங்களுக்கு நடத்தச் சொல்லுங்க, அப்பாமாரும் கட்டாயம் ஒக்காரணும், வெளிய கார் கிட்ட நின்னு சிகரெட் புடிக்கக்கூடாது. அப்புறம் வகுப்புல பையனும் பொண்ணும் ஒண்ணா ஒக்காரட்டும், கேக்க கூச்சப்படற கேள்விய பேரு போடாம சீட்டுல எழுதி டப்பாவுல போடட்டும்.

மிஸ்ஸி யாரும் கெடைக்கலன்னா நான் வர்றேன், பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜம் எங்கனாலும் சரி, தீவுப்பக்கம்னா பாலம் தாண்ட யாராச்சும் கார்ல ஏத்திக்கணும். காசு வேணாம். சனிக்கிழம காலையில பசியாறிட்டு வந்தா மத்தியானம் வரைக்கும் இருப்பேன், ஒரு வெள்ளப்பலகையும் ரெண்டு கலர் மார்க்கரும் மட்டும் எடுத்து வைங்க.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்லேர்ந்து ஒரு பழைய மிஸ்ஸி