பேஸ் கிதாருக்கு ஸ்பீக்கர் பெட்டி வாங்குமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெல்லை வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக பேஸ் கிதார் வாசித்து வருகிறேன். கோயில் கொடை, தேவாலய அசனம், கல்யாண வரவேற்பு என்று எங்கள் பிழைப்பு ஊர் ஊராகப் போவதுதான். கொடை மாதங்கள் நெருங்கும்போதெல்லாம் இளம் கலைஞர்கள் யாராவது அழைத்து, “அண்ணாச்சி, 15 இஞ்சு பெட்டி எடுக்கட்டுமா, இல்ல 10 இஞ்சு நாலு உள்ளதா?” என்று கேட்கிறார்கள். பெரும் பணம் போட்டு வாங்கும் ஸ்பீக்கர் பெட்டியை, உள்ளிருக்கும் ஸ்பீக்கரின் அங்குலத்தையும் வாட்டையும் மட்டும் பார்த்து முடிவு செய்துவிட்டு, பிறகு வருந்துவதைப் பலமுறை கண்டுவிட்டதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் மேடைகளில் கூட்டத்துக்குப் பாட்டைக் கொண்டுசேர்ப்பவை ரேடியோ செட்காரர் இருபுறமும் அடுக்கும் பெட்டிகளே. பேஸ் கலைஞரின் சொந்தப் பெட்டி அவருக்கும், டிரம்ஸ் வாசிப்பவருக்கும், பாடகருக்கும் சுருதியும் தாளமும் தெளிவாகக் கேட்பதற்காக இருக்கிறது. நான்கு தந்தி பேஸின் கடைசித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். அவ்வளவு நீண்ட அலை பெட்டிக்கு முன்னால் மட்டும் போவதில்லை. பின்னாலும் சுற்றி வந்து, மேடையில் நிற்பவருக்கு உருவமில்லாத முழக்கமாகவே கேட்கிறது. சுரத்தை அடையாளம் காட்டுவது அதற்கு மேலே உள்ள நடு ஒலிகள். ஆகவே, 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டு கொண்ட பெட்டியையோ, 12 அங்குலம் ஒன்று கொண்ட பெட்டியையோ ஒரு முக்காலியின் மேல் ஏற்றிக் காதுக்கு நேராகச் சாய்த்து வைத்தால், காலடியில் கிடக்கும் பெரிய பெட்டியைவிட அது தெளிவாகப் பேசும். பலகை மேடையின் அதிர்வும் குறையும்.

வாட் விஷயத்தில்தான் ஏமாற்றம் அதிகம். ஒரு வாட் மின்சாரத்தில் ஒரு மீட்டர் தொலைவில் பெட்டி எத்தனை டெசிபல் ஒலிக்கிறது என்ற உணர்திறன் அளவைக் கடைகளில் யாரும் கேட்பதில்லை. 100 டெசிபல் பெட்டி 100 வாட்டில் தரும் ஒலியை எட்ட, 97 டெசிபல் பெட்டிக்கு 200 வாட் வேண்டும். 3 டெசிபல் குறைந்தால் இரு மடங்கு வாட் தரும் ஆம்ப் (ஒலியைப் பெருக்கிப் பெட்டிக்கு அனுப்பும் கருவி) தேவை என்பது விலையில் எவ்வளவு பெரிய வித்தியாசம்! அட்டையில் கொட்டை எழுத்தில் உள்ள உச்ச வாட்டை விட்டுவிட்டு, தொடர்ந்து தாங்கும் வாட் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது ஓம், அதாவது பெட்டியின் மின்தடை அளவு. அது குறையக் குறைய ஆம்பின் சுமை கூடும். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கொடையில், சத்தம் கூடட்டும் என்ற நல்லெண்ணத்தில் வாடகைக்குப் பெட்டி தந்தவர் மூன்றாவது பெட்டியையும் என் ஆம்போடு இணைத்துவிட்டார். 8 ஓம் பெட்டிகள் இரண்டு சேர்ந்தால் 4 ஓம். மூன்று சேர்ந்தால் ஏறத்தாழ 2.7 ஓம். என் ஆம்ப் 4 ஓமுக்குக் கீழே தாங்காதது. இரண்டாவது பாட்டில் ஆம்ப் அணைந்தது, ஆற வைத்தால் எழுந்தது, மறுபடியும் அணைந்தது. மீதிக் கச்சேரியைக் கீபோர்டு வாசித்த தம்பியின் இடது கைதான் காப்பாற்றியது. அன்று பாதுகாப்புச் சுற்று இல்லாத ஆம்பாக இருந்திருந்தால் எரிந்தே போயிருக்கும். ஆம்புக்கும் பெட்டிக்கும் நடுவே கிதாருக்குரிய மெல்லிய ஒயரைப் போடுவதும் இதே போன்ற தவறுதான்.

பலரும் ஆசைப்படும் ஆம்பெக் நிறுவனத்தின் 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு கொண்ட பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1969-இல் வந்த அந்நிறுவனத்தின் 300 வாட் ஆம்போடு பெரிய மேடைகளுக்காகப் பிறந்த அது, துளையில்லாத மூடிய பெட்டி. ஒலியில் குறை சொல்ல முடியாது. ஆனால் எடை 60 கிலோவுக்கு மேல். டிரம்ஸோடும் ஆட்களோடும் குட்டியானையில் போகிற குழுவுக்கு அது பொருந்தாது. எடை குறைந்த நியோடைமியம் காந்தம் உள்ள 12 அங்குலப் பெட்டியை ஒருவரே தூக்கிவிடலாம். துளையுள்ள பெட்டி சிறியதாக இருந்தாலும் கீழ் ஒலியை நன்றாகத் தரும். ஆனால் அதன் துளை எந்த ஹெர்ட்ஸுக்கு அமைக்கப்பட்டதோ அதற்குக் கீழே ஒலி போனால், ஸ்பீக்கரின் கூம்பு காற்றின் பிடிப்பின்றி அலைந்து பழுதாகலாம். ஐந்து தந்தி பேஸின் கடைசித் தந்தி 31 ஹெர்ட்ஸ் என்பதால், அதை வாசிப்பவர்கள் ஆம்பில் கீழ் ஒலியை வடிகட்டும் வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கடையில் தனியாக வாசிக்கும்போது இனிக்கும் ஆழ்ந்த ஓசை, டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். எனவே சொந்தக் கிதாரையும் ஆம்பையும் எடுத்துப் போய், முடிந்தால் குழுவோடு ஒருநாள் வாசித்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். அதற்கு இடம் கொடுக்குமாறும், பெட்டியின் ஓமையும் உணர்திறனையும் விலைச்சீட்டில் எழுதுமாறும் கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

விழாக் கமிட்டியாருக்கும் ஒரு வேண்டுகோள். வில்லுப்பாட்டு முடிந்து எங்களுக்கு மேடை கிடைக்கும்போது, ஒயர் மாட்டவே நேரம் இருப்பதில்லை. ரேடியோ செட்டுக்கு முன்பணம் கொடுக்கும்போதே, பேஸ் கிதாருக்கு ஒரு டி.ஐ. பெட்டியும் (கிதாரின் ஒலியை நேராக மிக்ஸருக்கு அனுப்பும் சிறு கருவி) மிக்ஸரில் ஓர் இணைப்பும் வேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால், சிறிய பெட்டியோடு வரும் கலைஞரின் வாசிப்பும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் வரை போய்ச் சேரும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பாளையங்கோட்டை.