ஹெட்லைட் ஒயர் சூடானதற்குப் பெரிய ஃபியூஸ் மாட்டிக் கொடுத்தது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
தலைமை அலுவலகம்.

ஐயா,

என்னுடைய 1998 மாடல் பெட்ரோல் காரை உங்கள் மதுரைக் கிளையில் எலக்ட்ரிகல் வேலைக்கு விட்டிருந்தேன். வண்டி எண்ணும் மற்ற விவரங்களும் இணைத்துள்ள ஜாப் கார்டில் உள்ளன.

ஹை பீமில் கொஞ்ச தூரம் ஓட்டினால் டேஷ்போர்டுக்குக் கீழே பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது, வெளிச்சம் மங்குகிறது, கடைசியில் ஹெட்லைட் ஃபியூஸ் போய்விடுகிறது. இதை அப்படியே ஜாப் கார்டில் எழுதவைத்தேன். ஆனால் பில்லில் இருப்பது "ஃபியூஸ் மாற்றம், எலக்ட்ரிகல் செக்கப்" என்ற ஒரே வரி. தொகை 1,400 ரூபாய். கூடவே ஒயரிங் கிட் முழுவதையும் மாற்ற 22,000 ரூபாய்க்கு ஓர் எஸ்டிமேட்.

வீட்டுக்கு வந்து ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தால், நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிற 30 ஆம்பியர். மூடியின் உள்பக்கம் 15 என்று அச்சாகியே இருக்கிறது. போனில் கேட்டேன். "பழைய வண்டி சார், லோடு தாங்கல. அதான் பெருசா போட்டோம், இனிமே போகாது" என்றார் உங்கள் சூப்பர்வைசர். ஃபியூஸ் போகாதுதான். எங்காவது உரசி ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போவதற்கு முன்பே ஒயர் எரிந்துவிடும்.

லோடு என்கிறாரே, கணக்கைப் பாருங்கள். 60 வாட் பல்பு இரண்டு. 12 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து இழுப்பது 10 ஆம்பியர். பத்து ஆம்பியருக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் ஏன் போகிறது? உங்கள் பட்டறையில் யாரும் இதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதன்பின் வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். உங்கள் ஆள் கழற்றி ஆஷ்ட்ரேயில் போட்டிருந்த பழைய ஃபியூஸைத்தான் அவர் முதலில் எடுத்துப் பார்த்தார். கரன்ட் மிஞ்சிப் போயிருந்தால் நடுக்கம்பி மட்டும் சட்டென அறுந்திருக்கும். இதிலோ ஒரு காலைச் சுற்றிப் பிளாஸ்டிக் இளகிப் பழுப்பேறியிருந்தது. அந்தக் கால் உட்காரும் கிளிப் பிடிமானம் விட்டுப்போனதால் அங்கேயே சூடாகி, அந்தச் சூட்டில் ஃபியூஸ் உருகியிருக்கிறது.

அவர் ஊகத்தோடு நிற்கவில்லை. ஹை பீமைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை பல்பு கப்ளரிலும் (ஒயர் வந்து சொருகும் இடம்) வைத்தார். ஏறக்குறைய 2 வோல்ட் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது. அரை வோல்ட்டே அதிகம். அதில் ஃபியூஸ் கிளிப்பில் மட்டும் 1 வோல்ட். பல்புக்கு வோல்ட் குறைந்ததால் பத்துக்குப் பதில் ஓடியது ஒன்பது ஆம்பியர். அது ஓடும்போது 1 வோல்ட் விழுந்தால் 9 வாட் சூடு, அதுவும் நகக்கண் அளவுத் தகட்டில். மீதி, சுவிட்ச் கப்ளரில் பச்சைக் களிம்பு பிடித்த டெர்மினலில். எர்த் பக்கம் தனியாகப் பார்த்தார். போல்ட் துருவேறி அங்கேயும் கொஞ்சம் விழுந்தது. லைட்டை அணைத்துவிட்டு டெஸ்ட் லேம்ப் வைத்தால் இது எதுவும் தெரியாது, லோடு ஓடும்போதுதான் தெரியும் என்றார். உங்கள் "செக்கப்"பில் மீட்டரை வெளியே எடுத்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

கருகிய ஒயரைப் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி, புது டெர்மினலும் ஃபியூஸ் ஹோல்டரும் போட்டு, எர்த்தைச் சுரண்டி இறுக்கி, ஹெட்லைட்டுக்கு ரிலே (பல்பின் கரன்ட் சுவிட்ச் வழியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளும் கருவி) வைத்து 15 ஆம்பியர் ஃபியூஸே மாட்டிக் கொடுத்தார். செலவு 1,850 ரூபாய். இப்போது வாடையும் இல்லை, மங்கலும் இல்லை. அந்த 22,000 ரூபாய் கிட்டுக்கு என்ன அவசியம் இருந்தது?

செய்யாத செக்கப்புக்கு வாங்கிய 1,400 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். 30 ஆம்பியர் ஃபியூஸ் போடச் சொன்னது யார் என்று எழுத்தில் பதில் வேண்டும். அதைவிட முக்கியம், அந்தக் கிளையில் இதேபோல் பெரிய ஃபியூஸ் மாட்டி அனுப்பிய வண்டிக்காரர்களை அழைத்துச் சரிசெய்து கொடுங்கள். பலருக்கு விஷயமே தெரிந்திருக்காது. 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இணைப்பு: ஜாப் கார்டு, இரண்டு பில்கள், எஸ்டிமேட், கருகிய ஃபியூஸின் புகைப்படம். ஃபியூஸ் என்னிடம்தான் இருக்கிறது. நேரில் வந்தால் காட்டுகிறேன், கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
(ஒப்பம்)