சமிக்கி வைக்கப் போகிற மகளுக்கு

மக்களே,

கிறிஸ்துமஸ் பிளவுஸுக்கு நீயே சமிக்கி வைக்கப் போகிறாய் என்றதில் ரொம்ப சந்தோஷம். பாக்கெட்டில் 'சீக்வின்' என்று போட்டிருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தாய். அது ஒரு பொன்காசின் பெயர்.

காசு அடிக்கிற அச்சுக்கு அரபியில் 'சிக்கா'. இத்தாலியில் இருக்கிற வெனிஸ் நகரத்து நாணயச்சாலையின் 'செக்கா' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 1284 முதல் அங்கே அடித்த டுகாட் என்ற பொன்காசைப் பிற்காலத்தில் 'செக்கீனோ' என்றார்கள். பிரெஞ்சில் அது சீக்வின் ஆனது. சுமார் மூன்றரை கிராம் பொன், மெல்லிசான தகடு. ஒரு பக்கம் புனித மாற்குவின் முன்னால் வெனிஸ் தலைவர் முழங்காலிட்டுக் கொடிக்கம்பைப் பிடித்திருப்பார். மறுபக்கம் நட்சத்திரங்களுக்கு நடுவே இயேசு. 1797இல் வெனிஸ் குடியரசு போனது. காசின் பெயர் துணியில் தைக்கிற பளபளத் தகட்டுக்கு நிலைத்துவிட்டது. மிளகு வியாபாரத்தோடு இந்தக் காசு நம்ம கரைக்கும் வந்தது. மலையாளத்தில் 'ஆமாட' என்றால் இதுதான், ஆமாடப்பெட்டி என்று நகைப்பெட்டியே உண்டு. 1949 வரை திருவிதாங்கூரிலும் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த நாகர்கோவில்காரர்களான நமக்கு அது வெளியூர்ச் சொல் இல்லை. நாம் சொல்கிற சமிக்கி வேறு வழி. மினுக்கத்துக்கு இந்தியில் 'சமக்', அதிலிருந்து வந்தது.

இனி வேலைக்கு வா. பிளவுஸை வெட்டுவதற்கு முன்னால், துணியில் அளவு வரைந்து, எம்பிராய்டரிக் கட்டையில் இறுக்கிப் போட்டுத் தை. தையல் வருகிற கோட்டிலிருந்து அரை இஞ்ச் விட்டுவிடு. மெஷின் ஊசி சமிக்கியில் பட்டால் ஒடியும்.

4 மில்லிமீட்டர் சமிக்கி எடு. ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறினால் ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர்தான் அடைக்கும். 60 சென்டிமீட்டர் கழுத்துக்கு ஒரு வரிசை 300 பிடிக்கும். தேவைக்கு மேல் கொஞ்சம், எல்லாம் ஒரே தடவையில் வாங்கு. பிறகு வாங்கினால் நிறம் ஒத்துவராது.

ஊசியை ஓட்டை வழியாக மேலே எடு, பின்பக்க விளிம்பை ஒட்டி இறக்கு. அந்த ஓட்டையிலிருந்து 2 மில்லிமீட்டர் முன்னால் தள்ளி மறுபடி மேலே எடு. அடுத்த சமிக்கியின் விளிம்பு முந்தினதின் ஓட்டைமேல் ஏறும். கிண்ணச் சமிக்கி என்றால் குழி மேலே பார்க்கட்டும். ரொம்ப இழுத்தால் துணி சுருங்கும், சமிக்கி சாயும். ஓட்டையின் ஓரம் ஒற்றை நூலை மெதுவாக அறுக்கும்; அதனால் இரட்டை நூல் போடு. பத்துக்கு ஒரு முடிச்சு கட்டாயம். இல்லாவிட்டால் ஒரு இடத்தில் அறுந்தாலே வரிசை முழுக்க உதிரும்.

அக்குளுக்குக் கீழே வைக்காதே, தோலைக் கிழிக்கும். வியர்வையில் நிறமும் போகும். இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்தால் பிளாஸ்டிக் சுருண்டுவிடும். உட்புறம் திருப்பி, அடியில் துவர்த்துத் துண்டு விரித்து, குறைந்த சூட்டில் தேய். டிரை கிளீனிங்குக்குக் கொடுக்காதே, அந்தத் திரவத்தில் பூச்சு கரையலாம். பச்சைத் தண்ணீரில் கையால் அலசினால் போதும்.

முதலில் ஒரு துண்டுத் துணியில் ஒரு சாண் தைத்துப் படம் அனுப்பு. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் வேண்டும்.

அன்புடன்,
அம்மா
நாகர்கோவில்