தொழிலாளர் வரலாற்று வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தை விழுங்கியது அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள ஜெர்சி ஹோம்ஸ்டெட்ஸ்தான். ஒரே கூட்டத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம், சண்டை விடவில்லை.

வராதவர்களுக்காகச் சுருக்கமாக: 1930களின் பெருமந்தத்தில், நியூயார்க்கின் யூதத் தையல் தொழிலாளர்களைக் குடியமர்த்த பெஞ்சமின் பிரவுன் முன்னின்று நடத்திய திட்டம் இது. அரசுப் பணத்தில் 200 வீடுகள். கூடவே பண்ணை, கடை, ஆடை ஆலை, மூன்றும் கூட்டுறவு. குடும்பத்துக்கு 500 டாலர் பங்கு. ஐன்ஸ்டைனும் ஆதரித்தார்.

முட்டுக்கட்டை போட்டது தொழிற்சங்கம். சர்வதேச மகளிர் ஆடைத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் டுபின்ஸ்கி ஆரம்பத்தில் சம்மதிக்கவில்லை. சங்கத்துக்குப் பயந்து முதலாளிகள் பட்டறையை ஊர்விட்டு ஊர் மாற்றிய காலம் அது. கூட்டுறவின் பெயரிலும் வேலை நியூயார்க்கை விட்டுப் போனால்?

'நாற்காலிக்கு ஆபத்து என்றுதான் மறித்தார்' என்றனர் சில உறுப்பினர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆர்டர் குறைந்தால் பங்குதாரரான தொழிலாளி தன் கூலியைத் தானே குறைத்துக்கொள்வார், கேட்க ஆளில்லை. அந்த விலையோடு போட்டி போட வேண்டியவர் நகரத்துப் பட்டறையில் தைப்பவர். அவருக்காகவும் சங்கம் பேசித்தானே ஆக வேண்டும்? ஆனால் குடியேற வந்தவர்களும் அதே சங்கத்துக்காரர்கள். வேடிக்கை அங்கேதான். இதில் நாம் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

சரி, பிறகு சம்மதம் கிடைத்தது. 1936இல் ஆலை திறந்தது. அதைச் சாய்த்தது சங்கம் அல்ல. வீடுகள் நேரத்துக்கு முடியாததால் தைக்க ஆள் போதவில்லை. தைத்ததும் சரியாக விற்கவில்லை. பருவத்துக்குப் பருவம் படுத்துக்கொள்ளும் தொழில் வேறு. சில ஆண்டுகளில் கூட்டுறவு ஆலை மூடப்பட்டது. 1945இல் ஊருக்கு ரூஸ்வெல்ட் என்று பெயர் மாறியது. பள்ளிச் சுவரில் பென் ஷான் வரைந்த ஓவியத்தில் ஐன்ஸ்டைனும் இருக்கிறார், தொழிற்சங்கமும் இருக்கிறது. படத்தைப் பார்த்தால் இருவருக்கும் தகராறு வந்ததாகவே தெரியாது!

அடுத்த ஆண்டுக்கு, ஸ்பெயினின் மொன்ட்ராகன் கூட்டுறவில் 1974இல் நடந்த வேலைநிறுத்தத்தை எடுக்கலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது. அங்கே வேலைநிறுத்தத் தலைவர்களை வெளியேற்றியது கூட்டுறவேதான். ஆட்சேபம் இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள். அப்புறம், சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும்.

நன்றி.
செயலாளர்