கதண்டு, தேனீக் கூடுகளைத் தீவைத்து அழிப்பதைக் கைவிட்டு, பயிற்சி பெற்ற குழு அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
குடியிருப்போர் நலச் சங்கத்தினர், தேனீ வளர்ப்போர் மற்றும் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள்

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: குடியிருப்புகளில் கூடு கட்டும் கதண்டு, குளவி, தேனீக்களை முறையாக அகற்ற ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். வீட்டுச் சன்ஷேடுக்கு அடியிலோ வாசல் மரத்திலோ கதண்டு (பெரிய குளவி வகை) கூடு கட்டிவிட்டால், தீயணைப்பு வீரர்கள் வந்து, நீளக் கம்பில் துணியைச் சுற்றி எண்ணெயில் நனைத்துக் கொளுத்திப் பிடிப்பதே வழக்கமாக இருக்கிறது. தீயணைப்பு வீரர்களின் துணிச்சலை நாங்கள் குறை சொல்லவில்லை. முறைதான் சரியில்லை. இதை நிறுத்தி, இரவில் மருந்துத் தூள் இட்டுக் கூட்டை அகற்றத் தெரிந்த குழு ஒன்றை அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கதண்டுக் கூடு, மரநாரை மென்று செய்த காகிதம். பல அடுக்கு உறை. உள்ளே ஒன்றன்கீழ் ஒன்றாக அடைகள். தீ பட்டதும் வெளியுறை நொடியில் எரிந்துபோகும். உள்ளே இருப்பவற்றில் ஒரு பகுதி கருகும், மீதி பிய்த்துக்கொண்டு வெளியே வரும். கொட்டும்போது அவை விடும் வாசனை மற்ற கதண்டுகளையும் அதே ஆளின் மேல் ஏவிவிடும். தேனீயைப் போல ஒரு கொட்டோடு முடிவதில்லை, ஒரே கதண்டு பலமுறை கொட்டும். பகலில் கொளுத்தினால் இன்னும் மோசம். இரை தேடப் போனவை திரும்பி வந்து, கூடு இருந்த இடத்தைச் சில நாள் சுற்றிக்கொண்டிருக்கும். கொளுத்தியவர் போய்விடுவார், கொட்டு வாங்குவது அடுத்த நாள் அந்த வழியே நடப்பவர். ஓலைக் கூரைக்கும் மின்கம்பிக்கும் அருகே தீப்பந்தம் என்ன செய்யும் என்பதைத் தங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

முறையான வேலை இப்படி நடக்கும். பகலில் தூரத்தில் நின்று, பூச்சிகள் எந்த வாயில் வழியாகப் போய்வருகின்றன என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் ஒரே வாயில்தான், சில கூடுகளில் அது பின்பக்கம் திரும்பியிருக்கும். நன்றாக இருட்டி, எல்லாம் உள்ளே அடைந்த பிறகு, தெருவிளக்கையும் வீட்டு விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டி அணுக வேண்டும். சிவப்பு ஒளி அவற்றின் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. வெள்ளை ஒளி அடித்தால் ஒளியைப் பிடித்துக்கொண்டு நேராக முகத்துக்கு வரும். நீளக் குழாய் பொருத்திய தூள் தெளிப்பானால் 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் தூளை வாயிலுக்குள் சில முறை ஊத வேண்டும். கைப்பிடி அளவுகூடத் தேவைப்படாது. வாயிலை அடைக்கக் கூடாது: அடைத்தால் வேறு பக்கம் துளைத்து வெளியேறும், சுவர்ப் பொந்தாக இருந்தால் வீட்டுக்குள்ளேயே இறங்கும். போய்வரும் கதண்டுகளே தூளைக் காலில் ஒட்டி உள்ளே கொண்டுபோய்விடும்.

இரண்டு நாள் கழித்து, நடமாட்டம் அடங்கியதை உறுதி செய்துகொண்டு, கூட்டைத் தடித்த பையோடு சேர்த்து அறுத்து இறக்கி, அடைகளை நசுக்கிப் புதைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மூடிய அறைக்குள் இருக்கும் கூட்டுப்புழுவுக்கு மருந்து எட்டாது. அடையை அப்படியே விட்டால் அதிலிருந்து புதிய கதண்டுகள் வந்துகொண்டே இருக்கும். பெர்மெத்ரின் மீனுக்கும் பூனைக்கும் கொடிய நஞ்சு என்பதால் கிணறு, குளம் அருகே இதைப் பயன்படுத்தக் கூடாது.

உடை விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது எங்கள் தனி வேண்டுகோள். தேனீ வளர்ப்போர் அணியும் மெல்லிய உடையைக் கதண்டின் கொடுக்கு தாண்டிவிடும். உடம்பில் ஒட்டாத இரட்டை அடுக்கு உடை, முகத்திலிருந்து விலகி நிற்கும் வலை, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் டேப் சுற்றிய கையுறையும் பூட்சும் வேண்டும். ஏணி மேல் நின்று செய்வதைவிடத் தரையில் நின்று நீட்டுக்கம்பால் செய்வதே நல்லது. உயரத்தில் கொட்டுப்பட்டவர் உதறிக்கொள்வார், கை நழுவும்.

தேனீயின் கதை வேறு. மரக்கிளையில் அடையே இல்லாமல் கொத்தாகத் தொங்கினால் அது புது இடம் தேடிப் பிரிந்து வந்த கூட்டம். காக்கவோ ஊட்டி வளர்க்கவோ புழு எதுவும் இல்லாததால் சாதுவாக இருக்கும், பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே கிளம்பிவிடும். சுற்றிலும் கயிறு கட்டி ஆட்களை ஒதுக்கினால் போதும். சுவர்ப் பொந்தில் அடை வைத்துவிட்டால் தேனீ வளர்ப்போரை அழைத்து உயிரோடு எடுக்க வேண்டும். மருந்தடித்துக் கொன்றுவிட்டால் விசிறிக் குளிர்விக்க ஆளில்லாமல் மெழுகு இளகி, தேன் சுவரில் கசிந்து, எறும்பும் மெழுகுப்பூச்சியும் எலியும் சேரும். அடை முழுவதையும் எடுத்தபின் பொந்தை நிரப்பிப் பூச வேண்டும். உயர்ந்த கட்டடங்களில் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீ மட்டும் விதிவிலக்கு. கல் பட்டாலோ பருந்து மோதினாலோ நெடுந்தூரம் துரத்தும். பள்ளி, மருத்துவமனை வளாகங்களில் அது தெரிந்தவுடன் கீழே நடைபாதையை மூடிவிட்டுக் குழுவை அழைக்க உத்தரவிட வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தாங்கள் எழுத வேண்டும். கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத் திணறலோ மயக்கமோ உடம்பெங்கும் தடிப்போடு வாந்தியோ வந்தால், முதல் மருந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின், பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தேவைப்பட்டால் 5 நிமிடத்தில் மறுபடி. அலர்ஜி ஊசி மட்டும் போட்டு அனுப்புவது உயிருக்கு ஆபத்து. பாம்புக்கடி மருந்து கதண்டு நஞ்சுக்கு வேலை செய்யாது. பல இடத்தில் கொட்டுப்பட்டவர் முதல் நாள் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் பின்னர் சிறுநீரகம் செயலிழக்கலாம். சிறுநீர் கருத்திருக்கிறதா என்று பார்ப்பதும் சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையும் அவசியம், உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தேனீக் கொடுக்கு தோலில் தங்கினால் எப்படி எடுக்கிறோம் என்பதல்ல, எவ்வளவு வேகமாக எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். நஞ்சின் பெரும்பகுதி அரை நிமிடத்துக்குள் உடம்பில் இறங்கிவிடும்.

வீட்டுக்குள் நுழையும் மற்ற உயிரினங்கள் பற்றியும் ஒரு வார்த்தை: எலி, வௌவால், மரநாய், பாம்பு எல்லாவற்றுக்கும் அடிப்படை வேலை சந்து அடைப்பதுதான். விரல் நுழையும் சந்தில் சுண்டெலி நுழையும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். உள்ளே குட்டி இருக்கும்போது அடைத்தால் குட்டி செத்து நாறும், தாய் கூரை ஓடுகளைப் பிரிக்கும். குட்டி வளர்ந்து வெளியேறியதைப் பார்த்தே அடைக்க வேண்டும். பாம்புக்கு ஃபீனாயில், கந்தகம் தெளிப்பதில் பயனில்லை.

புகார் எண்ணில் பேசுபவருக்கு நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்தாலே பாதிக் குழப்பம் தீரும்: கூடு காகிதம் போல இருக்கிறதா, மெழுகு அடையா? எவ்வளவு உயரம்? மின்கம்பி அருகில் உண்டா? யாருக்காவது கொட்டுப்பட்டதா? கதண்டுக் கூட்டை முதலில் ராணி ஒன்றே தனியாகத் தொடங்கும்; எலுமிச்சை அளவில் இருக்கும்போது அகற்றுவது சிறு வேலை. தினமும் தெருத்தெருவாகப் போகும் தூய்மைப் பணியாளர்கள் அந்த நிலையிலேயே தகவல் தர ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். குழுவினருக்குச் செய்முறைப் பயிற்சி அளிக்க நாங்கள் ஊதியமின்றி வரத் தயார். நாளும் இடமும் குறித்துத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்